வீட்டுல விடமாட்டாங்க

உலகத்தில் உள்ள கணவர்கள் எல்லோரும் மனைவி சம்மதிக்க வேண்டுமே என்று தவம் கிடப்பார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மறுக்க வேண்டுமே என்று தவம் கிடந்தேன். சும்மா மறுத்தால் போதாது. கேமராவைப் பார்த்து, தெளிவான குரலில், முடிந்தால் விரலை ஆட்டி மறுக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலைப்பாதை என்றால் பயம். சாதாரண பயம் இல்லை. காலண்டரில் மலைப் படம் வந்தால் அந்த மாதத்தை முன்கூட்டியே கிழித்துவிடுகிற பயம். இதை நீங்கள் வெளியே சொல்லிவிடக் கூடாது. ஏனென்றால் இணையத்தில் என் பெயர் புயல்.

வார நாட்களில் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் உச்சியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வெளியே கிளம்புவேன். நேர்சாலை. சமதரை. வேகம் முப்பத்தைந்து. அதற்கே ஹெல்மெட்டுக்குள் "ஐயோ, அம்மா, மெதுவா, மெதுவா" என்று எனக்கு நானே முனகிக்கொண்டு போவேன். வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கணினியில் ஏற்றி, ஓட்டத்தை மூன்று மடங்காக்கி, முனகலைத் துடைத்துவிட்டு, வேறு யாரோ ஓட்டிய பெரிய வண்டியின் உறுமலை அடியில் ஓடவிட்டால் புயல் தயார். சாலையோரம் நடைப்பயிற்சி போகிற பெரியவர்கள் மட்டும் ஓட்டப் பந்தயத்தில் போவது போலத் தெரிவார்கள். அவர்களை வெட்டி எடுத்துவிடுவேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். தலைவருக்கு பேட்டரிக் கடை. அடுத்தவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நெடுஞ்சாலை காபிக் கடையில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தோமானால் எங்கள் பேச்சைக் கேட்டே பக்கத்து மேசைக்காரர்கள் சீட் பெல்ட் தேடுவார்கள்.

"வளைவுல பிரேக்கைத் தொடவே கூடாது. கியரைக் குறைக்கணும், உடம்பைச் சாய்க்கணும். வண்டி நாய்க்குட்டி மாதிரி தானாத் திரும்பும்" என்பார் தலைவர்.

"சாயும்போது முழங்காலுக்கும் தரைக்கும் ஒரு ஜாண்தான் இருக்கணும்" என்பார் டாக்டர்.

"ஒரு ஜாணா? எனக்குத் தார் வாசனை மூக்குல அடிக்கும் டாக்டரே" என்பேன் நான்.

வாய் சும்மா இருக்காது. அதுதான் என் வியாதி. மலைப்பாதைப் பேச்சு எழும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு, "எனக்கு இப்பவே கிளம்பணும்னுதான் ஆசை. என்ன பண்றது, வீட்டுல விடமாட்டாங்க" என்பேன். அந்த ஒரு வரி இரண்டு வருஷமாக என் உயிரைக் காப்பாற்றி வந்தது. வீடியோக்களிலும் கடைசியில் அதையே சொல்வேன். பார்க்கிறவர்கள் கீழே உருகி உருகி எழுதுவார்கள். 'அண்ணி கொஞ்சம் மனசு வைக்கணும்.' 'சிங்கத்தைக் கூண்டுல போட்டுட்டாங்களே.' படிக்கும்போது எனக்கே என் மேல் பரிதாபமாக இருக்கும்.

அந்த ஞாயிறு தலைவர் காபியை உறிஞ்சிவிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடுத்த வாரம் மலை ஏறுறோம். உச்சி வரைக்கும்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு. "ஏறிட வேண்டியதுதான் தலைவரே! ஆனா பாருங்க, வீட்டுல..."

"அதுக்குத்தான் புதுச் சட்டம். போன தடவை நாம ஏரி வரைக்கும் போனதுக்கே டாக்டர் வீட்டம்மா என் கடைக்கு வந்து, பேட்டரி வாங்க நின்னவங்க முன்னாடி என்னைக் கிழிச்ச கிழி போதும். இனிமே ஒவ்வொருத்தர் வீட்டம்மாவும் கேமராவைப் பாத்து 'போயிட்டு வரட்டும்'னு வாயால சொல்லணும். அந்த வீடியோ எனக்கு வரணும். வெட்டு ஒட்டு இருக்கக் கூடாது. 'வேண்டாம்'னு சொன்னா அந்த ஆள் வர வேண்டாம். மரியாதையா விட்டுருவோம்."

கரைந்த புளி சட்டென்று சர்க்கரையாக மாறியது. என் மனைவிக்கு எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற வேலை. தினம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்களின் கையும் காலும்தான் அவள் உலகம். அவளாவது சம்மதிக்கிறதாவது? முதல்முறையாக நான் வீட்டுக்கு நாற்பதில் ஓட்டிக்கொண்டு போனேன்.

அடுப்பில் அப்போதுதான் பாலை வைத்துவிட்டு, வேறேதோ யோசனையில் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா ஹெல்மெட்டில் இருந்ததால் அதை ஓடவிட்டபடியே நான் ஹெல்மெட்டோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"என்னங்க இது? கரண்டி மேல விழுந்துரும்னு பயமா?"

"முக்கியமான விஷயம். முதல்ல இதைப் பாரு."

செல்பேசியில் மலைப்பாதைப் படம் ஒன்றை ஓடவிட்டேன். இருந்ததிலேயே கொடூரமானதாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். அவளுக்குக் காட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாத்தியா? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம்."

"நடுவுல ரோடு இருக்குல்ல?"

"எதிர்ல லாரி வரும்."

"அது அது பக்கத்துல வரும்."

"போன மாசம் ஒருத்தர் இந்த வளைவுலதான் விழுந்தாராம்."

"தெரியுமே! நான்தான் கட்டுப் போட்டேன். நல்ல மனுஷன். இப்ப ஒரே ஒரு கம்பை ஊனிக்கிட்டு ஜம்முனு நடக்கிறாரு."

"அதுக்கு முன்னாடி?"

"ரெண்டு கம்பு."

எனக்கு முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன. "நான் விழுந்தா?"

"ஜன்னலோரக் கட்டிலாப் பாத்துக் குடுக்கச் சொல்றேன். நல்ல காத்து வரும்."

இவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கேமரா முன்னால் மனசில் இருப்பது வந்துவிடும். "சரி, தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லணும். இங்க பாத்துப் பேசு. என்னைத் தடுக்கணும்னு தோணினா தடுத்துரு. நான் கோவிச்சுக்கவே மாட்டேன். சத்தியமா."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் நெற்றியை நோக்கிச் சிரித்தாள். "அண்ணே, இவரு மலைக்குப் போக வேண்டாம்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. முழுசாத் திருப்பிக் குடுத்தா சந்தோஷம்." அதற்குள் பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அடுப்பை அணைக்கத் திரும்பிவிட்டாள்.

ஹெல்மெட்டுக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. தாலி கட்டிய நாளிலிருந்து நான் கேட்ட எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதம் கிடைத்ததில்லை. புதுச் சோபாவுக்கு மூன்று வருஷம் ஆனது. உயிரை விடுவதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

பயம் மனிதனை எதுவும் செய்ய வைக்கும். கணினி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக முப்பத்தைந்தைப் புயலாக்கிய கைக்கு ஒரு பெண்ணின் சம்மதத்தை மறுப்பாக்கத் தெரியாதா? 'அண்ணே, இவரு மலைக்குப் போக வேண்டாம்' என்ற இடத்தில் ஒரு வெட்டு. அதோடு நின்றால் மொட்டையாக இருந்தது. ஆரம்பத்தில் பாலை முறைத்துக்கொண்டு நின்றாளே, அந்தத் துண்டை எடுத்துப் பின்னால் ஒட்டினேன். அடடா! என்ன கண்டிப்பு! என்ன கோபம்! பார்த்த எனக்கே உடம்பு நடுங்கியது. தலைவருக்கு அனுப்பிவிட்டு, மூலப் படத்தை அடியோடு அழித்தேன்.

ஐந்து நிமிஷத்தில் தலைவரின் குரல் வந்தது. "புயல், பாவம்யா நீ. எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ." நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓசைப்படாமல் ஒரு ஆட்டம் ஆடினேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. தலைவரும் டாக்டரும். என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

டாக்டர் செல்பேசியை நீட்டினார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கடுகளவு ஓட்டையைத் தேடுகிற மனுஷன். "புயல், தப்பா நினைச்சுக்காதீங்க. தங்கச்சி 'வேண்டாம்'னு சொல்லும்போது பால் விளிம்புல நிக்குது. அடுத்த நொடி முறைக்கும்போது பால் பாத்திரத்து அடியில கிடக்குது. நடுவுல அது எங்க போச்சு?"

"குடிச்சிருப்பேன்" என்றேன்.

"ஒரு நொடியில? கொதிக்கிற பாலையா?"

தலைவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "வெட்டு விழுந்திருக்கு தங்கச்சி. அதான் நேர்லயே கேட்டுரலாம்னு வந்தோம். நீ என்ன சொன்னே?"

அவள் செல்பேசியை வாங்கிப் பார்த்தாள். ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். மறுமுறையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் நோயாளியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. போச்சு, மானம் கப்பலேறிவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாண்ணே, நான்தான் சொன்னேன்" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு மனைவியையா நான் ஊரெல்லாம் பழி சொன்னேன்!

"'இவரு மலைக்குப் போக வேண்டாம், நான் இல்லாம'ன்னு சொன்னேன். 'நானும் பின்னாடி உக்காந்து வருவேன்'னு சொன்னேன். அந்தப் பாதியைக் காணோமே. பால் இறங்கின இடத்துல விழுந்திருச்சு போல."

"நீ எங்கே அப்படிச்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லலையா? அப்ப என்னங்க சொன்னேன்? நீங்களே சொல்லுங்க, அண்ணன் கேக்கட்டும்" என்று மிகவும் அன்பாகக் கேட்டாள்.

வசமாக மாட்டிக்கொண்டேன். அவள் சொன்னது பச்சைப் பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால் என் புளுகை நானே அவிழ்த்துக் கொட்ட வேண்டும். மூலப் படமும் இல்லை. "ஆமா, அப்படித்தான் சொன்னா. நான்தான் பாசத்துல வெட்டிட்டேன்" என்றேன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இதைக் கேட்டு அவர்கள் குதூகலிப்பார்கள் என்று பார்த்தால், டாக்டர் முகம் கொஞ்சம் வெளுத்தது. "தங்கச்சி வருதுன்னு தெரிஞ்சா எங்க வீட்லயும் வருவேன்னு கிளம்பிருவாங்களே" என்றார். தலைவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "வரட்டும், வரட்டும். குடும்பத்தோட போறதும் ஒரு இதுதான்" என்றார். அது எது என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் உயிரோடு கழித்தேன் என்று சொல்ல முடியாது. கடையில் கண் பார்க்கிற எழுத்து அட்டையில் 'ஞ' என்ற எழுத்து கொண்டை ஊசி வளைவாகத் தெரிந்தது. ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் படியில் இறங்கும்போது தடவிக்கொண்டே போனார். நானும் அந்த மலையில் அப்படித்தான் போகப்போகிறேன் என்று தோன்றியது. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரியிடமா? தெர்மாமீட்டரை வாயில் சொருகி, பார்த்துவிட்டு, "உங்களைவிட நம்ம சுவரு சூடா இருக்கு" என்று எழுப்பிவிட்டாள். தலைவர் வீட்டம்மாவோடு மட்டும் தினமும் செல்பேசியில் பேச்சு. "சரிக்கா... ஆமாக்கா... அதுவரைக்கும் மூச்சு விடாதீங்கக்கா" என்று சிரிப்பு வேறு. பெண்கள் என்ன புடவை கட்டுவது என்று பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. படம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் படத்தில் இன்னொருவர் முதுகு விழக் கூடாது. சாலை காலியாக, நாம் மட்டுமே உலகத்தில் மிச்சம் இருப்பது போலத் தெரிய வேண்டும். அதனால் கால் மணிக்கொருவராகக் கிளம்புவோம். தலைவர் தன் வீட்டம்மாவோடு முதலில் போனார். டாக்டர் தன் வீட்டம்மாவோடு அடுத்துப் போனார். போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தது, வேறு வார்த்தை இல்லை, பிரியாவிடை போலவே இருந்தது. கடைசியாக நாங்கள்.

நேர்சாலையில் முப்பத்தைந்து. என் மனைவியின் கை என் தோளில் இருந்தது. தோளில் கை வைத்தால் தைரியம் வரும் என்பார்கள். எனக்கு அந்தக் கை கனக்கக் கனக்கப் பயம்தான் ஏறியது. தனியாக விழுந்தால் ஒரு விழுதல். இது அப்படியில்லை. ஹெல்மெட்டுக்குள் "மெதுவா, மெதுவா" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அடிவாரம் வந்தது. முதல் வளைவு தலைக்கு மேலே வானத்தில் தொங்கியது. அதிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. பிரேக் தீய்ந்த நாற்றம் எங்கள் மேல் வந்து மோதியது. பக்கத்தில் ஒரு காபிக் கடை, அதை ஒட்டி மரச் சாமான் அடுக்கிய ஒரு பெரிய கொட்டகை. கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன். கை ஹேண்டில்பாரை விட மறுத்தது.

"என்னங்க?"

"சங்கிலி லூஸா இருக்கிற மாதிரி இருக்கு."

இறங்கிப் போய் ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு."

"பெட்ரோல்?"

"நேத்துதான் ரொப்பினோம்."

"மேகம் வேற கூடுது."

அண்ணாந்து பார்த்தாள். ஒரு பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை. "வந்தா நனைவோம்" என்றாள்.

என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கினேன். "ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"முதல்ல உச்சியில இருக்கிறதை அணைங்க. இது ஊருக்கு இல்ல, எனக்கு."

கேமராவை அணைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "விளையாட்டுப் பயம் இல்ல. கை கால் எதுவும் என் பேச்சைக் கேக்கல. நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். உன்னைப் பின்னாடி வச்சுக்கிட்டுப் போய் உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்? என்னால முடியாது. நீ விடாததுனால இல்ல. என்னாலதான் முடியல."

சொல்லி முடித்ததும் அழுகை வருமோ என்று பயந்தேன். வந்ததென்னவோ ஒரு நீளமான மூச்சு. இரண்டு வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு.

அவள் கிட்டே வந்தாள். என் கையை ஹேண்டில்பாரிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். அது அவள் தொழில், சுலபமாக வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதா? வீட்ல பல்பு மாத்துறது யாரு? ஸ்டூல் மேல ஏறினாலே உங்களுக்குத் தலை சுத்தும். மலை ஏறப் போறாராம்!" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "பயப்படுறது ஒரு தப்பா? நீங்க பயந்துக்கோங்க. ஆனா பழியை எதுக்கு என் தலையில போட்டீங்க? ஆஸ்பத்திரிக்கு வர்ற பசங்கல்லாம் 'நீங்கதானே புயல் அண்ணனைக் கட்டிப்போட்டு வச்சிருக்கவங்க'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேக்கிறானுங்க. நான் கட்டுப் போடுறவ. யாரையும் கட்டிப்போடுறவ இல்ல. கேக்கும்போது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன். மனசாரச் சொன்னேன்.

"சரி, இறங்குங்க. வண்டியைக் கொட்டகைக்குள்ள விடுங்க."

"வீட்டுக்குப் போகலையா?"

"வந்ததே வந்தோம், மேல போய்ப் பாத்துட்டுத்தான் வரணும். நான் இன்னும் மலையே பாத்ததில்ல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். மர அடுக்குக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் பளபளவென்று நின்றன. ஒன்று தலைவருடையது. இன்னொன்று டாக்டருடையது. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வேன், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது.

உள்ளே தலைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் இருந்த ஹெல்மெட்டைத் துடைதுடை என்று துடைத்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் டாக்டர் வேனின் கூரையில் ஏதோ பல் ஆடுவது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சின் கொஞ்சம் சூடாயிருச்சு புயல், அதான்" என்றார் தலைவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"இஞ்சினா? முதல் வளைவைப் பாத்ததும் 'திரும்பிரலாம்டி'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டது இஞ்சினா?" என்றாள் அவர் வீட்டம்மா. டாக்டர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவி ஏறி அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரும் ஒரே நிறத்தில் புடவை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறி, மிச்சம் இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலைவர் வீட்டம்மா பக்கம் திரும்பினார்.

"இவரோட ஆள் கணக்கு சரியாம்மா? எல்லாரும் பயந்தாச்சுல்ல? கிளம்பலாமா?"